மனோலின் கேசட் ஓடுகிற வேகம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. பேருந்தில் உட்கார்ந்த இடத்தில் கிடைத்தது. பெர்னிக் என்ற உருக்காலை ஊரிலிருந்து தலைநகர் சோஃபியா போகிற வண்டியை ஓட்டும் ஆசென், விளாதயா ஏற்றத்தில், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, வண்டியைச் சாலை நடுவில் நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். திரும்பி, முதல் இருக்கையில் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டான்.

"ஐயா, நீங்க எழுதுறவர்தானே? மறந்துபோன ஒரு குரல் திரும்பக் கிடைக்கும்னு தெரிஞ்சா, அதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா?"

வண்டி நிறைய ஜனம். எங்களுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் கார்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பெர்னிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் பொறுத்திருந்த ஒரே நாள் அதுதான். மலைக்கரடிகளைக் கேட்டால் சாட்சி சொல்லும். என்ன, அவை அப்போது தூக்கத்தில் இருந்தன.

"பயப்படுவாங்க" என்றேன். எழுதுகிறவன் வேறென்ன சொல்வான்? ஆசென் வண்டியைக் கிளப்பினான். சோஃபியா சேர்வதற்குள், முடிவைத் தவிர, எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அன்றிலிருந்து அவனுடைய பயத்தில் பாதி என்னிடம் இருக்கிறது. எனக்குக் கொடுத்த பிறகும் அவனிடம் குறைந்ததாகத் தெரியவில்லை. பயம் அப்படிப்பட்ட சரக்கு.*

* எனக்குச் சொந்தமாக இன்னொரு பயமும் உண்டு. கதையில் பிளாகோய் என்று ஒருவன் வருவான். அவன் கார் இருக்கைக்கு அடியில் ஒரு கோண இரும்புத் துண்டு கிடக்கிறது. 'எதற்கு?' என்று யாரும் கேட்டதில்லை. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் எனக்கிருக்கும் காப்பீடு. வாசகர்கள் யாரும் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

2

தொடங்கிப் பார்த்துக் கைவிட்டவை:

"உலகப் புகழ்பெற்ற மெட்டல் இசைக்குழுவான சாம்பல் மணியின் கற்பனை எந்த ஆண்டில் வற்றியது என்பது குறித்து ரசிகர்களிடையே இருவேறு கருத்துகள்..."

[நிறுத்திவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது. தவிர, 'சாம்பல் மணி' நான் வைத்த பொய்ப் பெயர். உண்மைப் பெயரைப் போட்டால் உலகம் முழுவதுமிருந்து கறுப்புச் சட்டைக்காரர்கள் என் வீட்டுக்கு வந்து, எந்த ஆல்பத்தோடு அந்தக் குழு செத்தது என்று எனக்குப் பாடம் எடுப்பார்கள். சிலர் கிடாரோடு வருவார்கள்.]

"மனோல் செத்த குளிர்காலத்தில் உருக்காலையின் புகைகூட உறைந்து, செங்குத்தாக நின்று..."

[இதை ஆசெனுக்குப் படித்துக் காட்டினேன். 'அண்ணனை முதல் வரியிலேயே சாகடிக்கணுமா? கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டும்யா' என்றான். சரியென்று விட்டுவிட்டேன்.]

"ஒரு கதவு. அதைச் சாத்த வேண்டும். யார்"

[இது நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கே செலவழிக்க மனம் வரவில்லை. பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன்.]

3

ஆக, மரியாதையாக ஆட்களிலிருந்து தொடங்குவோம்.

ஆசெனைப் பார்த்துவிட்டீர்கள். ஐம்பதைத் தாண்டியவன். வண்டி ஓட்டும்போது தவிர மற்ற நேரமெல்லாம் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவன். அவனுடைய அண்ணன் மனோல் உருக்காலையில் லேத் ஓட்டியவன். பக்கத்து லேத்தில் நின்றவன் பிளாகோய். பிளாகோய் கதவுக்குள் நுழையும்போது முதலில் வயிறு வரும், பிறகு தாடி, கொஞ்சம் இடைவெளி விட்டு அவன் வருவான். நாலாவது ஆள் ராலிட்சா. ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு சிறிய மதுக்கடை வைத்திருக்கிறாள். இந்தக் கதையில் எல்லோரையும்விட நன்றாகக் காது கேட்பவள் அவள்தான். இதை நினைவில் வையுங்கள்.

சாம்பல் மணியின் பெயர்கூட வானொலியில் வராத காலம். யாரோ ஒருவரின் மச்சான் பெல்கிரேடிலிருந்து அந்தக் குழுவின் மூன்றாவது ஆல்பத்தை, 'பாதாளக் கொல்லன்' என்ற இசைத்தட்டை, கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான். ஒரே ஒரு மாலைக்கு மட்டும் மனோலிடம் கொடுத்தான். மனோலிடம் உடைசலாக வாங்கிச் சரிசெய்த டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. நாடாவை இழுக்கும் சின்ன அச்சு அதில் தேய்ந்து போயிருந்ததால், ஆலையின் லேத்திலேயே புதிதாக ஒன்று கடைந்து மாட்டியிருந்தான். அதில்தான் பதிவு செய்தான். அந்த ஒரு கேசட்டிலிருந்து நகல், நகலிலிருந்து நகல் என்று ஊர் முழுக்கக் குட்டி போட்டது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள்கூட அதைக் கேட்டுக்கொண்டு வெட்டியதில் அந்த வருடம் நிலக்கரி பதற்றத்தோடு வந்தது என்பார்கள். நான் அடுப்பில் போட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு முடிந்தபின் வெறும் இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடும். மனோல் பதிவை நிறுத்த மறந்து ஏதோ பொத்தானைத் தட்டியிருக்கிறான். கருவியின் மைக் விழித்துக்கொண்டது. பதினாறு வயது ஆசென் பனியிலிருந்து உள்ளே வந்து கதவைத் திறந்தபடி விட்டிருந்தான். இரைச்சலுக்கு நடுவே மனோலின் குரல் வரும்:

"ஆசென், கதவைச் சாத்துடா. குளிருது."

அவ்வளவுதான். நாடா முடிந்துவிடும்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஆலையில் இரும்புப் பாளம் சரிந்து மனோல் போய்விட்டான். (மன்னித்துக்கொள் ஆசென், இதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.) துக்கத்தில் அவன் அம்மா அந்த ரெக்கார்டரை யாருக்கோ தூக்கிக் கொடுத்தாள். கேசட் மட்டும் ஆசெனிடம் தங்கியது.

அது முதல் ஆசென், பிளாகோய், ராலிட்சா மூவருக்கும் ஒரு வழக்கம். கேசட்டை எப்போது கேட்டாலும், இரைச்சல் தொடங்கியதும் பிளாகோய் எழுந்து போய்க் கதவைச் சாத்துவான். மனோலின் குரல் வருகிறபோது கதவு சாத்தியிருக்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலிலும் சாத்துவான். ஏற்கெனவே சாத்தியிருந்தால் திறந்துவிட்டுச் சாத்துவான். ஒருமுறை சுற்றுலா வந்த ஜெர்மானியத் தம்பதி ஒன்று வெளியே மாட்டிக்கொண்டது. அவர்கள் இன்னும் அங்கேயே நிற்பதாகக் கேள்வி.

4

இன்னொரு வழக்கமும் உண்டு. இது கொஞ்சம் அபசகுனமானது.

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால், கறுப்புக் கட்டம் போட்டுப் படத்தோடு ஒரு தாள் அச்சடித்துக் கதவிலும் மின்கம்பத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருடா வருடம் என்று புதுத்தாள் ஏறிக்கொண்டே இருக்கும். சாம்பல் மணியின் புது ஆல்பம் வரும்போதெல்லாம் பிளாகோய் அந்தக் குழுவுக்கு ஒரு மரண அறிவிப்பு அச்சடிப்பான். நிலையத்துக்கு எதிரேயுள்ள கம்பத்தில், மனோலின் தாளுக்குக் கீழே ஒட்டுவான். பிறகு ராலிட்சா கடையில் கருமாதிச் சாப்பாடு: சர்க்கரையும் அக்ரூட்டும் சேர்த்து வேகவைத்த கோதுமை. செத்தவர்களுக்காகத் தரையில் ஒரு சொட்டு ரக்கியாச் சாராயம். மிச்சமெல்லாம் தொண்டையில்.

உயிரோடிருப்பவர்களுக்கு மரண அறிவிப்பு ஒட்டினால் என்ன ஆகும் என்று நான் ஒரு பாதிரியாரைக் கேட்டேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, "எந்தக் குழு?" என்றார். சொன்னேன். "மூணாவது ஆல்பத்துக்கப்புறம் ஒட்டினா பாவமில்லை" என்றார்.

போன மாதம் புது ஆல்பம் வந்தது. கோதுமைக் கிண்ணத்தைச் சுற்றி நடந்த பேச்சை ஆசென் சொன்னபடியே தருகிறேன்.

"வயலின் வெச்சிருக்கானுங்க" என்றான் பிளாகோய். கரண்டியைக் கோதுமையில் குத்தி நிறுத்தினான். "வயலின்! என்னத்துக்கு? பல்லு புடுங்குற எடத்துல உக்காந்து கேக்குறதுக்கா?"

"எனக்குப் பிடிச்சிருக்கு அந்த வயலின்" என்றாள் ராலிட்சா.

"உனக்குப் பிடிக்கும். ரக்கியாவுல தண்ணி ஊத்துறவதானே நீ. தண்ணி ஊத்துனது எல்லாமே உனக்கு இனிக்கும்."

"அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான்யா உனக்கு இந்த வயிறு. ஊத்தாம கொடுத்திருந்தா கம்பத்துல உன் தாளு தொங்கியிருக்கும்."

"ஆசென், தம்பி, நீ சொல்லுடா. இவனுங்க எப்ப செத்தானுங்க?"

"மூணாவது ஆல்பத்தோடண்ணே."

"எது போச்சு?"

"வேகம்ணே."

"வேகம்!" பிளாகோய் மேசையைத் தட்டினான். "பாதாளக் கொல்லன்ல அந்த டிரம்ஸ்காரன் மனுசனா? பேய் புடிச்சவன். இப்ப? என் மாமியார் சப்பாத்திக் கட்டையால தரையத் தட்டுனா இதைவிட உசுரா இருக்கும். பாடுறவன் தொண்டையப் பாரு, அன்னைக்குக் கத்தி மாதிரி மேல போகும், இன்னைக்கு அடுப்படிப் பூனை."

"அவங்க அன்னைக்கு எப்படி இருந்தாங்களோ அப்படியேதான் இன்னைக்கும் இருக்காங்க" என்றாள் ராலிட்சா, கோப்பைகளைத் துடைத்தபடி. "எல்லாருக்கும் வயசாயிருச்சு. அவ்வளவுதான்."

"கேட்டியாடா? இதைச் சொல்றதுக்கும் ஒரு நாக்கு!"

[இங்கே 'சப்பாத்திக் கட்டை' என் கைவேலை. பிளாகோய் சொன்னது பானிட்சாவுக்கு மாவு தேய்க்கும் நீளக் கோல். அடி ஒன்றுதான்.]

5

இப்போது ஒரு கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். கம்யூனிச ஆட்சி போய், சுவரெல்லாம் விழுந்து, கடைகளில் எல்லாம் கிடைக்கத் தொடங்கியபிறகு, இவர்கள் அசல் சிடியை வாங்கிக் கேட்கவில்லையா?

கேட்டார்கள். தொண்ணூறுகளில் பிளாகோய் ஒரு முழுப் பன்றியின் விலைக்கு அதை வாங்கிவந்தான். மூவரும் சேர்ந்து கேட்டார்கள். பாட்டுகள் அதே பாட்டுகள், ஆனால் மெதுவாக ஓடின. பாடகனின் குரல் தடித்திருந்தது. கிடார்கள் இறங்கிப்போயிருந்தன. கடைசியில் பிளாகோய் தீர்ப்புச் சொன்னான்: "பழசையும் கெடுத்துட்டானுங்க."

அவன் கணக்கு இது: கம்பெனிக்காரர்கள் அமெரிக்கர்களுக்காக, அவர்களுடைய பெரிய கார்களில் தூங்கிக்கொண்டே கேட்க வசதியாக, பழைய ஆல்பத்தை வேகம் குறைத்து வெளியிட்டிருக்கிறார்கள். அசல் இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது பெர்னிக். சோஃபியாவில் அந்தக் குழு வந்து வாசித்தபோதும் போய்க் கேட்டார்கள். மெதுவாகத்தான் வாசித்தார்கள். "கெழவனுங்க" என்றான் பிளாகோய். எல்லாம் பொருந்தியது. தப்பான கணக்குக்கு உள்ள அழகே அதுதான், எந்த விடையும் அதில் பொருந்தும்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆசெனுக்குப் புரிய நாற்பது வருடம் ஆயிற்று. அதற்காக அவனைக் குறைவாக எடைபோடாதீர்கள். உங்கள் அண்ணனின் குரல் அந்த நாடாவில் இல்லை.

6

கருமாதிச் சாப்பாட்டுக்கு மறுவாரம் கடையிலிருந்த பழைய கேசட் டெக் புகைந்து உயிரை விட்டது. பிளாகோய் சோஃபியாவின் பழஞ்சந்தையிலிருந்து வேறொன்று தூக்கிவந்தான். கனமான ஜப்பான் டெக். முன்பக்கத்தில் ஒரு சின்னத் திருகு.

"இது எதுக்குண்ணே?"

"எதுக்கோ. நீ அதைத் தொடாத."

அப்போதுதான் தன் திட்டத்தையும் சொன்னான். புது ஆல்பத்தின் மரண அறிவிப்பை இந்தமுறை கம்பத்தோடு நிறுத்தப்போவதில்லை. மனோலின் கேசட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டி, செல்போனில் பதிவு செய்து, இணையத்தில் போடுவது. உலகத்து மெட்டல் ரசிகர்கள் கேட்கட்டும். சாம்பல் மணி ஒரு காலத்தில் என்னவாக இருந்தது, அதை யார் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்று தெரியட்டும்.

"மேல மனோல் பேரப் போடுவோம். பெருசா. 'பெர்னிக்கின் மனோல் காத்த அசல்'னு."

ஆசெனுக்குச் சந்தோஷமாக இருந்தது. கேசட்டைச் சரிபார்க்கலாம் என்று டெக்கை வீட்டுக்குக் கொண்டுபோனான். மதியம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். முதல் பாட்டை ஓடவிட்டு, விளையாட்டாகத் திருகைத் தொட்டான். பாட்டு வேகம் குறைந்து வழிந்து இறங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினான். ஒரு இடத்தில் அது நன்றாகத் தெரிந்த ஏதோவொன்றாக மாறி நின்றது. ஓடிப்போய் அந்தச் சிடியை எடுத்துப் பக்கத்தில் போட்டான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. தோளில் கைபோட்டு நடக்கும் இரண்டு குடிகாரர்களைப் போல ஒரே அடியில் போயின.

மனோல் கடைந்த அச்சு ஒரு மயிரிழை மெலிந்திருந்திருக்கிறது. மெலிந்த அச்சு நாடாவை மெதுவாக இழுத்திருக்கிறது. மெதுவாகப் பதிந்தது, மற்ற எந்தக் கருவியில் போட்டாலும் வேகமாகத்தான் ஓடும். பேய் பிடித்த டிரம்ஸ்காரன் என்று ஒருவன் இருந்ததே இல்லை. கத்தி போன்ற குரலும் இல்லை. யாரும் எங்கும் வீழவில்லை. அவர்கள் எப்போதுமே இந்த வேகத்தில்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசெனுக்கு அப்போது வந்த பயம் சாம்பல் மணியைப் பற்றியதல்ல. திருகு அந்த இடத்தில் நிற்கிறது. கேசட் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படியே விட்டால் இரண்டாம் பக்கத்தின் முடிவில்...

டெக்கின் மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தான். அவிழ்த்துக்கூட எடுக்கவில்லை, சுவரிலிருந்து பிளக்கோடு சுண்ணாம்பும் வந்தது.

அண்ணனின் குரல் என்றால் அவனுக்கு மெலிந்த, உயர்ந்த, கொஞ்சம் சிரிப்பு ஒட்டிய குரல். நாற்பது வருடமாக மனத்துக்குள் அந்தக் குரல்தான் அவனோடு பேசியிருக்கிறது. கல்யாணத்தன்று பேசியது, மகள் பிறந்தபோது பேசியது, அம்மாவைப் புதைத்தபோது 'அழாதடா' என்றது. இப்போது திருகைத் திருப்பினால் வேறு யாரோ ஒருவன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். அந்த ஆள் அவனுக்குத் தெரியாதவனாக இருந்தால்? அப்படியென்றால் இத்தனை காலம் தன்னோடு பேசிக்கொண்டிருந்தது யார்?

வண்டியில் இதைச் சொன்னபோது ஆசென் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வண்டியை நடை வேகத்துக்கு இறக்கியிருந்தான். சாலை நன்றாகத்தான் இருந்தது.

7

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை மறைத்துவைத்து எழுத முடியவில்லை. இந்த பிளாகோய் சரியாக வந்திருக்கிறானா? கோண இரும்பு, தாடி, மேசைத் தட்டு. இந்த ஆளிடம் உண்மையைச் சொன்னால் மண்டையை உடைப்பான் என்று நீங்கள் பயப்பட வேண்டுமென்றுதான் அப்படி வைத்தேன். மலிவான பயம். ஆசெனைக் கேட்டேன், "பிளாகோய் அடிப்பான்னா பயப்படுற?"

"அடிச்சாப் பரவால்லீங்க. அழுதுட்டா என்ன பண்றது?"

ஆகவே கோண இரும்பைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். [அடிக்குறிப்பில் இருப்பது இருக்கட்டும். அது எனக்காக.]

பிளாகோயிடம் சொன்னால், நாற்பது வருடமாக உயிரோடிருந்தவர்களுக்குக் கருமாதி செய்தோம் என்று அவனுக்குத் தெரியவரும். சொல்லாவிட்டால் கேசட் இணையத்துக்குப் போகும். அங்கே உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து ஒருவன் ஒரே நிமிடத்தில் எழுதுவான்: 'இது தப்பான வேகம், முட்டாள்களே.' அதற்கு மேலே பெரிய எழுத்தில் மனோல் என்று இருக்கும்.

ஆசென் முதலில் ராலிட்சாவிடம் போனான். அவள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணன் குரல் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"நீதான் கேசட்ல கேக்குறியே."

"கேக்குறேன். மெலிசா இருக்கும். சின்னப் பையன் மாதிரி."

கத்தி நின்றது.

"மெலிசா" என்றாள். "ஒருநாள் இந்த மேசையில உக்காந்து, 'ராலிட்சா, நல்லாருக்கியா'ன்னு கேட்டான். அதோ அந்தத் தட்டுல இருந்த கிளாசு ரெண்டு நகந்து வந்து கீழ விழுந்துருச்சு."

[நான்கு என்றாள் என்று ஆசென் சொன்னான். நம்பும்படி இருக்கட்டுமென்று பாதியாக்கினேன்.]

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"எனக்குக் காது இருக்குதுடா."

"ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? உன்கிட்டயா? கேசட்ட காதுல வெச்சுக்கிட்டுத் தூங்குன பய நீ. உன் அண்ணன் கொரலு இது இல்லடான்னு உன்ன எழுப்பிச் சொல்லணுமா?"

"பிளாகோய் அண்ணன்கிட்டயாவது."

"அவன்கிட்ட." அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். "அவன் பக்கத்து லேத்துல நின்னவன்டா. மனோல் எவ்வளவு கடைஞ்சான், எங்க விட்டான்னு பாத்துக்கிட்டு நின்னவன்."

ஆசென் வெளியே வந்தபோது அவன் பயம் ஒன்றுக்கு இரண்டாகியிருந்தது. தெரியாதவனிடம் சொல்வது ஒரு பயம். தெரிந்தே நாற்பது வருடம் கதவைச் சாத்திக்கொண்டிருப்பவனிடம் சொல்வது வேறு பயம்.

8

சனிக்கிழமை மதியம். வெளியே பனி. மேசையில் மறுபடியும் கோதுமை, ரக்கியா, மரண அறிவிப்பின் புது நகல். சாம்பல் மணியின் நால்வர் படம் கறுப்புக் கட்டத்துக்குள் இருக்கிறது. ராலிட்சாவின் செல்போன் கம்பி வழியாக டெக்கில் இணைந்திருக்கிறது. சிவப்புப் புள்ளி எரிகிறது. கேசட் முழுவதும் பதிவானபின் பிளாகோய் விரலால் ஒரு தட்டு தட்டுவான், உலகத்துக்குப் போய்விடும். டெக்குக்குப் பக்கத்து நாற்காலியில் ஆசென். திருகு அவன் கைக்கு எட்டும் தூரம். வீட்டில் பாட்டு சிடியோடு பொருந்திய அந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறான்.

முதல் பக்கம் ஓடியது. பேய்கள் பறந்தன. பிளாகோய் கண்ணை மூடித் தாடியை ஆட்டினான். இரண்டாம் பக்கம் திருப்பிப் போட்டார்கள். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் ஆசென் அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டான். கடைசிப் பாட்டின் கடைசி அடி விழுந்தது.

இரைச்சல் தொடங்கியது.

இது கொஞ்ச நேரம் ஓடும். அதற்குள் நாம் பேசிவிடலாம். குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், சிவப்புப் புள்ளி எரிகிறது.

ஆசென் திருகைத் திருப்பினால் பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது, அவை ஏற்கெனவே வேகமாகப் பதிவாகிவிட்டன. மனோலின் அந்த ஒரு வரி மட்டும் சொந்த வேகத்தில் வரும். ஆனால் அந்த ஒரு வரி போதும். நண்பனின் அசல் குரலைக் கேட்டபிறகு பிளாகோயால் எதையும் கேட்காததுபோல் இருக்க முடியாது. தட்டவேண்டிய விரல் தட்டுமா தட்டாதா என்பது அப்போது தெரியும்.

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்றில் ஆசென் கையை மடியிலேயே வைத்திருக்கிறான். மெலிந்த குரல் வருகிறது, பிளாகோய் தட்டுகிறான், மறுநாள் உலகம் சிரிக்கிறது. எழுதிப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை எழுதும்போது மனோலின் தாள் கம்பத்திலிருந்து கிழிந்து பறந்துபோவதாக என் கை தானாகவே எழுதியது. கிழித்துப் போட்டேன், தாளையல்ல, பக்கத்தை.

இன்னொன்றில் ஆசென் கேசட்டை வெளியே இழுத்து நாடாவை அறுக்கிறான். இரண்டு குரலும் போகும். பயமும் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. கதை முடிந்த பிறகும் அவன் அறுந்த நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முற்றத்தில் நின்றான். போகச் சொன்னாலும் போகவில்லை.

மூன்றாவதில் பிளாகோய் திரும்பிப் பார்த்து, "தெரியும்டா தம்பி, அன்னைக்கே தெரியும்" என்கிறான். கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கே கண் கலங்கியது. கலங்கியதால்தான் சந்தேகம் வந்தது. பெர்னிக்கில் ஆண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பது கீழே தள்ளுவதற்கு முன்னால் மட்டும்தான்.

ஆசெனையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். பேருந்து சோஃபியா நிலையத்துக்குள் நுழைந்துவிட்டது. "இறங்குங்கய்யா, கடைசி நிறுத்தம்" என்றான். பின்னால் எப்போது கேட்டாலும் அதையேதான் சொன்னான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இவ்வளவு நேரம் என் வழியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். என் அச்சும் அவ்வளவு தடிமனானதில்லை. எங்கே வேகம் கூடியது, எங்கே குரல் மெலிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆசெனை நேரில் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம்.

சரி, இரைச்சல் பாதியைத் தாண்டிவிட்டது.

பிளாகோய் மேசையில் கையை ஊன்றி எழுந்திருக்கிறான். நாற்காலி முனகுகிறது. வழியில் ராலிட்சாவின் முகத்தைப் பார்க்காமல் போகிறான். கதவு திறந்துதான் இருக்கிறது. பனி உள்ளே அரை அடிக்கு விழுந்திருக்கிறது. இந்த அறையில் அவன் முதுகைக் காட்டி நிற்கும் நேரம் இது ஒன்றுதான். இத்தனை வருடமும் ஏன் அவனே போய்ச் சாத்தினான், ஏன் அந்த வரியின்போது மட்டும் முகத்தை யாருக்கும் காட்டியதில்லை என்று ஆசென் முதல்முறையாக நினைக்கிறான்.

ஆசெனின் கை மடியில் இல்லை.

ஒரு கதவு. பிளாகோய் அதைச் சாத்துகிறான். தாழ்ப்பாள் விழுகிறது. வழக்கமாக, தாழ்ப்பாள் விழுந்த உடனேயே குரல் வந்துவிடும். நாற்பது வருடத்தில் ஒருமுறையும் தப்பியதில்லை. அந்த அளவு அவன் காலடிக்குப் பழக்கம்.

இரைச்சல் ஓடுகிறது. முன்பைவிடத் தாழ்ந்து ஒலிக்கிறதா? எனக்குக் காது அவ்வளவு நன்றாக இல்லை. உங்களுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள்.

பிளாகோய் கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. திரும்பவும் இல்லை.

கதவு சாத்தியாயிற்று. குரல் இன்னும் வரவில்லை.